ஊதுவத்திப் புகை எந்தப் பக்கம் போகுது?

ஷெட்டுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளுக்கும், ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்திருக்கிற இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வீட்டோடு உட்கார்ந்தாயிற்று. இருந்தாலும் பழக்கதோஷம், செங்கல்பட்டு டவுனுக்கு வந்தால் கால் தானாக ஷெட்டுப் பக்கம் திரும்பிவிடுகிறது. போன தடவை வந்தபோது ஹீட் ஆகி நின்ற ஒரு பழைய காரின் பானெட்டை உங்களில் ஒருவர் தூக்கினார். தூக்கிய கையோடு "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்" என்றார். யார் என்று சொல்ல மாட்டேன். இன்ஜினையே பிரிக்க வைக்கிற தீர்ப்பு, பானெட் முழுசாக மேலே போவதற்குள் வந்துவிட்டது. அப்போதே நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், வண்டிக்காரர் பக்கத்தில் நின்றதால் அடக்கிக்கொண்டேன். அடக்கினது வயிற்றில் தங்காமல் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

புது வண்டிக்கு ஸ்கேனரைச் செருகினால் அதுவே தன் வியாதியைச் சொல்லிவிடும். பழைய வண்டியில் செருக ஓட்டையே இருக்காது. அதன் சார்பில் அதை ஓட்டுகிறவர்தான் பேச வேண்டும். அவர் பேசுவதில் பாதி நமக்குத் தேவையில்லாதது போலவே இருக்கும். எந்தப் பாதி தேவையில்லாதது என்று முன்கூட்டியே தெரிந்த மெக்கானிக் இன்னும் பிறக்கவில்லை. எனக்கு இதைப் புரியவைத்தது ஒரு ஊதுவத்தி. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் வேலையை விடுவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் நடந்தது இது. படாளத்திலிருந்து கஸ்தூரி என்று ஒரு பெண் வந்தாள். விவசாயக் குடும்பம். சின்ன வயசிலேயே டிராக்டர் ஓட்டிப் பழகியவள், அதனால் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற பிடியே ஒரு தினுசாக இருக்கும். அவள் அப்பா விட்டுப்போன ஒரு பழைய வெள்ளை பெட்ரோல் கார்தான் அவளுடைய தொழில். பின்சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மூடி போட்ட டிரம்களில் இட்லி மாவை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் கிளம்புவாள். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக அணுபுரம் குவார்ட்டர்ஸ்களுக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு, மீதியை மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டின் சமையல்கட்டில் இறக்குவாள். அவளை நம்பி ஊரில் நாலைந்து பெண்கள் மாவாட்டிக்கொண்டிருந்தார்கள்.

மாவுக்கு ஒரு குணம் உண்டு, உங்கள் வீட்டில் கேட்டால் சொல்வார்கள். அது யாருக்காகவும் காத்திருக்காது. வண்டி ஹீட் ஆகி வழியில் நின்றால், இந்தப் பக்கம் ரேடியேட்டர் பொங்கும், அந்தப் பக்கம் மாவு பொங்கும். அன்றைக்குக் காலையில் அப்படித்தான் டிரம் மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு வெளியே வந்திருக்கிறது. ரிசார்ட் சமையல் மேற்பார்வையாளர் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, நாளைக்கும் இப்படி லேட்டாகப் புளித்த மாவோடு வந்தால் இனி வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அங்கிருந்து நின்று நின்று திரும்பி வந்தவள், நேராக நம் ஷெட்டுக்குள் வண்டியை விட்டாள்.

"இன்னா ஆச்சும்மா?" என்றேன்.

"ஹீட்டாவுதுண்ணா. மூணு எடத்துல பாத்தாச்சு. ஒருத்தரு ரேடியேட்டரைக் கழுவுனாரு. ஒருத்தரு தண்ணி பம்பை மாத்துனாரு. இன்னொருத்தரு வால்வு ஒண்ணைக் கழட்டிப் போட்டுட்டு, இனிமே ஹீட்டாவாதுன்னாரு. ஆனா ஹீட்டு நிக்கல. இப்ப இன்ஜினையே பிரிக்கணுமாம்."

அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "சாமிக்கே என் மேல கோவம்போல கீதுண்ணா. காலையில வண்டியை ஸ்டார்ட் பண்ணி வெச்சிட்டு முன்னாடி ஊதுவத்தி காட்டினா, பொக என் மூஞ்சிக்கே திரும்பி வருது."

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு பானெட்டைத் திறந்தேன். அவள் வியாதியின் பெயரையே சொல்லிவிட்டாள், எனக்குத்தான் காதில் ஏறவில்லை.

என்னோடு அப்போது ஏழுமலை வேலை செய்தான். என் வயசுக்காரன், நல்ல கைகாரன். ஒரே குறை, எதையும் பிரித்துப் பார்த்தால்தான் அவனுக்குத் திருப்தி. வீட்டில் சுவர்க் கடிகாரம் நின்றுபோனால் சுவரையே பிரிப்பான் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். தண்ணீர் ஊற்றி இன்ஜினை ஓடவிட்டு, ரேடியேட்டர் வாயில் குமிழி வருவதைக் காட்டினான்.

"மச்சான், குமிழி பார். கேஸ்கெட்தான். இத்த வெச்சிக்கினு இன்னா யோசன?"

குமிழி வந்தது உண்மைதான். ஆனால் காலையிலிருந்து பொங்கி, காலியாகி, திரும்பத் திரும்பத் தண்ணீர் ஊற்றிய வண்டி அது. உள்ளே காற்று அடைத்திருந்தாலும் குமிழி வரும். இன்ஜின் ஆயிலை எடுத்துப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. பின்னால் சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை. கேஸ்கெட் போன வண்டி இவ்வளவு ஒழுக்கமாக இருக்காது. எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஃபேன் ஓடுகிறதா என்று பார்த்தேன். ஓடியது. ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் கரண்ட் ஃபேன் அது. பழுதில்லாமல், சத்தமாக, சாவி போட்டதிலிருந்தே ஓடியது. மூன்று ஷெட்டிலும் அதைத்தான் பார்த்திருக்கிறார்கள். ஃபேன் ஓடுதா, ஓடுது, அடுத்தது. நானும் அதே டிக்கைத்தான் போட்டேன்.

இதற்குள் இன்னொரு ஆள் வந்து சேர்ந்தான். பழைய வண்டி வாங்கி விற்கிற புரோக்கர். கஸ்தூரி நொந்துபோய் வழியிலேயே அவனுக்கு போன் செய்திருக்கிறாள். வந்தவன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டு, பெஞ்சில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டான். அவனுக்கு டீ வேறு வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

"அண்ணாத்த, இன்ஜின் அவுட்டா இல்லையா? ஒரே வார்த்தை சொல்லு. அவுட்டுன்னா உடைக்கிற வெலைக்கு எடுத்துக்கினு போறேன். இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?"

கஸ்தூரி என்னைப் பார்த்தாள். ஏழுமலை என்னைப் பார்த்தான். புரோக்கர் டீயைப் பார்த்துக்கொண்டே என்னையும் பார்த்தான். நான் 'அவுட்' என்று சொன்னால் கார் போகும், நாளைக் காலை மாவு போகாது, நாலைந்து வீட்டு கிரைண்டர்கள் நின்றுபோகும். நான் 'இல்லை' என்று சொல்லி, நாளைக்கு வண்டி திருக்கழுக்குன்றம் ரோட்டில் நின்றாலும் அதே கதிதான். இந்த மாதிரி நேரத்தில் மெக்கானிக்கின் வாயிலிருந்து ஏதாவது ஒரு பதில் தானாக வந்து விழும். எல்லாரும் பார்க்கிறார்களே என்பதற்காக வந்து விழுகிற பதில் அது. அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்துங்கள். அவசரத்தில் அண்டாவுக்குள் கூடக் கை நுழையாது என்று சும்மாவா சொன்னார்கள்.

"இன்னும் தெரியலம்மா" என்றேன்.

சொன்னபோது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் தொழில் பார்த்தவன் ஒரு பழைய காரின் முன்னால் நின்று தெரியவில்லை என்கிறானே என்று புரோக்கர் முகத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. ஏழுமலை முனகிக்கொண்டே ஸ்பேனர் செட்டைப் பக்கத்தில் இழுத்துப் போட்டான். ஆனால் தெரியாததைத் தெரியவில்லை என்று சொன்ன பிறகுதான் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. அதுவரை ஏழுமலைக்கும் புரோக்கருக்கும் பதில் சொல்வதிலேயே அது தீர்ந்துபோயிருந்தது.

கஸ்தூரியைக் கேட்டேன். "ஹீட்டு எப்பம்மா ஏறுது? நின்னுகினு இருக்கும்போதா, ஓடும்போதா?"

"ஓடும்போதுண்ணா. ஓரங்கட்டி வுட்டா கொஞ்சம் எறங்குது."

"ஆரம்பத்துலேர்ந்தே இப்படியா?"

அவள் யோசித்தாள். "இல்லண்ணா. மொதல்ல வேற மாதிரி. டோல்கேட்டுல, சிக்னல்ல நிக்கும்போதுதான் ஏறும். வழியில ஒருத்தரு பாத்து, ஃபேன் ஓடலன்னு ஒயரை டைரக்ட் பண்ணிக் குடுத்தாரு. அதுக்கப்பால நிக்கும்போது ஏறல. ஓடும்போது ஏறுது."

டைரக்ட் பண்ணுவது நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த கைவைத்தியம். ஃபேனை எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்துவது என்று சொல்கிற சுவிட்ச் கெட்டுப்போனால், புதுச் சுவிட்சுக்கு அலைய நேரமிருக்காது. ஒயரை இழுத்து நேராகக் கட்டிவிடுவோம், சாவி போட்டால் ஃபேன் ஓடும். நானும் எத்தனையோ வண்டிக்குச் செய்திருக்கிறேன், தப்பென்று சொல்ல மாட்டேன். இங்கே எனக்கு உறுத்தியது வேறு. நிற்கும்போது வந்த சூடும் ஓடும்போது வருகிற சூடும் ஒரே வியாதி இல்லை. முதல் வியாதி போய்விட்டது, அதன் வைத்தியத்திலிருந்துதான் இரண்டாவது முளைத்திருக்கிறது. ஆனால் மூன்று ஷெட்டிலும் 'ஹீட்டாவுது' என்ற ஒரே வார்த்தைதான் காதில் விழுந்திருக்கிறது. அந்த வார்த்தைக்குள் இரண்டு வியாதி இருந்ததை யாரும் பார்க்கவில்லை.

இவ்வளவு தூரம் வந்துவிட்டேனே ஒழிய, அது என்ன என்று இன்னும் பிடிபடவில்லை. ஃபேன்தான் ஓடுகிறதே என்று அங்கேயே முட்டிக்கொண்டு நின்றேன்.

கஸ்தூரிக்குப் பொறுமை போய்விட்டது. அவளைக் குறை சொல்ல முடியாது. "வுடுங்கண்ணா, குடுத்துடறேன். அப்பா ஓட்டுன வண்டி. குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தபா ஊதுவத்தி காட்டிட்டுக் குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்து வெளியே எடுத்தாள். ஷெட்டுக்குள்ளே பெரிய பெடஸ்டல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, வத்திப் புகை நிற்காது. வெளியே காம்பவுண்ட் சுவரை ஒட்டிக் காற்றே இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டபடியே இறங்கினாள். டேஷ்போர்டிலிருந்து ஊதுவத்தியை எடுத்துக் கொளுத்தி, காரின் மூக்குக்கு நேராக நின்று காட்டினாள்.

புகை கிளம்பிய வேகத்தில் அவள் முகத்தில் போய் அடித்தது. கண்ணைக் கசக்கினாள். புகைக்குக் கசக்கினாளா, அழுகைக்குக் கசக்கினாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"பாருங்கண்ணா" என்றாள். "கடைசி நாளும் வாங்கிக்க மாட்டேங்குது."

நான் பார்த்தேன். அன்றைக்கு அப்போதுதான் நிஜமாகவே பார்த்தேன்.

"இன்ஜினை நிறுத்தும்மா" என்றேன். நிறுத்தினாள். வத்தியை அவள் கையிலிருந்து வாங்கி, அதே இடத்தில் பிடித்தேன். புகை நேராக மேலே போனது. "இப்ப போடு" என்றேன். போட்டாள். புகை வளைந்து என் மூக்கில் ஏறியது.

தம்பிகளே, ரேடியேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற ஃபேன் முன்பக்கத்துக் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். வண்டியின் முன்னால் புகை காட்டினால் அதை உறிஞ்ச வேண்டும். இது வெளியே ஊதிக்கொண்டிருந்தது. டைரக்ட் பண்ணிய புண்ணியவான் இரண்டு ஒயரையும் மாற்றிக் கட்டியிருக்கிறான், ஃபேன் தலைகீழாகச் சுற்றியிருக்கிறது. நிற்கிற வண்டிக்கு எந்தப் பக்கம் வீசினாலும் ஏதோ ஒரு காற்று, அது போதும். லோடோடு ஓடுகிற வண்டியிலோ முன்னாலிருந்து வருகிற காற்றை இது எதிர்த்துத் தள்ளுகிறது, இரண்டும் நடுவில் மல்லுக்கு நிற்கின்றன, ரேடியேட்டர் வெந்துபோகிறது. ஓடுது என்பதும் வேலை செய்யுது என்பதும் ஒன்று என்று நாங்கள் அத்தனை பேரும் நினைத்துவிட்டோம்.

எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும் என்பார்கள். நாங்கள் எல்லாரும் கொதிக்கிற பக்கமே நின்று கொதியைத் துழாவிக்கொண்டிருந்தோம்.

ஏழுமலை வந்து வத்தியை வாங்கிப் பிடித்துப் பார்த்தான். குனிந்து இரண்டு ஒயரையும் பிரித்து மாற்றிக் கட்டினான். அவன் அன்றைக்குப் பிரித்தது அது மட்டும்தான். அதற்கப்புறம், யாரோ கழற்றி எறிந்த தெர்மோஸ்டாட் வால்வுக்குப் பதில் ஒன்று வாங்கி மாட்டினான். அடைத்திருந்த காற்றையும் வெளியேற்றினோம், குமிழி நின்றது.

புரோக்கர் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்தான். "அப்போ வண்டி இல்லையா?"

"இல்லண்ணா" என்றாள் கஸ்தூரி. "இன்னொரு டீ சாப்ட்டுப் போங்க."

மாவு டிரம்களில் தண்ணீரை ரொப்பி, லோடோடு திருக்கழுக்குன்றம் வரைக்கும் ஓட்டிப் பார்த்தோம். டேஷ்போர்டில் ஹீட்டைக் காட்டுகிற முள் நடுவிலேயே நின்றது. அவளுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. "காலையில நீங்களும் வாங்கண்ணா. வழியில நின்னா நான் யாரைக் கூப்புடறது?" என்றாள். நியாயமான கேள்வி. நாம் சரி என்று சொன்ன வண்டியில் நாமே ஏறப் பயந்தால் அது சரியில்லை என்றுதான் அர்த்தம்.

மறுநாள் விடிகிறதற்கு முன்னால் செங்கல்பட்டில் ஏறிக்கொண்டேன். பின்னால் மாவு வாசனை, பக்கத்தில் பேசாமல் ஓட்டுகிற கஸ்தூரி. அவள் ரோட்டைப் பார்த்தாள், நான் முள்ளைப் பார்த்தேன். திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு கரும்பு லோடு டிராக்டர் முன்னால் போய்க்கொண்டிருந்தது, முந்த முடியாமல் அதன் பின்னாலேயே ஊர்ந்தோம். முள் கொஞ்சம் ஏறியது. அவள் மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. நானும் பிடித்துக்கொண்டேன், வெளியே காட்டவில்லை. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. முள் ஏறிய இடத்திலிருந்து மெதுவாக இறங்கி, பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தது. அப்புறம் அது அசையவே இல்லை.

அணுபுரத்தில் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தபோது, ரிசார்ட் சமையல்கட்டில் அடுப்பே இன்னும் முழுசாகப் பற்றவைக்கவில்லை. மேற்பார்வையாளர் வந்து மூடியைத் திறந்து, விரலால் தொட்டு, நாக்கில் வைத்தார்.

"இன்னிக்குதாம்மா மாவு மாவா கீது" என்று சொல்லிவிட்டு உள்ளே ஆளைக் கூப்பிட்டு டிரம்களை இறக்கச் சொன்னார்.

டிரம்கள் இறங்கின. கஸ்தூரி திரும்பக் கிளம்பாமல், இன்ஜினை ஓடவிட்டுவிட்டு வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். கையில் ஊதுவத்தி.

"கெளம்பும்போது காட்டலண்ணா" என்றாள். "பயமா இருந்திச்சு."

கொளுத்தினாள். சமையல்கட்டுச் சுவரை ஒட்டி நின்ற வண்டி, அங்கே கடல்காற்று எட்டவில்லை. புகை ஒரு கணம் தயங்கிவிட்டு, நூல் பிடித்தது போல முன்கிரில்லுக்குள் போனது. ஒரு இழைகூட வெளியே வரவில்லை. அவள் வத்தியைச் சுற்றிச் சுற்றிக் காட்டினாள், எந்தப் பக்கம் போனாலும் புகை உள்ளேயே போனது. சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

சாமியும் இல்லை கோபமும் இல்லை, ரெண்டு ஒயர்தானம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே முந்திக்கொண்டாள்.

"கோவம்னு நெனச்சேண்ணா. இத்தினி நாளா தெனமும் காலையில என் மூஞ்சில ஊதி ஊதிச் சொல்லிக்கினே இருந்திருக்காரு. ஃபேன் தப்பா சுத்துதுன்னு. எனக்குத்தான் புரியல."

புரியாமல் போனது அவளுக்கு மட்டுமில்லை. புரியாவிட்டாலும் அவள் அதை எங்களிடம் சொல்லியாவது வைத்தாள். நான்தான் சிரித்துவிட்டு பானெட்டைத் திறந்தேன்.

ஃபேனுக்குப் புதுச் சுவிட்சும் பிறகு போட்டாயிற்று. இப்போது காலையில் இன்ஜின் சூடேறாத நேரத்தில் ஃபேன் ஓடாது, புகை நேராக மேலே போகும். அதுவும் நல்ல அடையாளம்தான் என்கிறாள். நமது ஷெட்டில் டூல் டிரேயில் ஸ்க்ரூ டிரைவர்களோடு ஊதுவத்திப் பாக்கெட் ஒன்று கிடக்கிறதே, ஏன் என்று உங்களில் ஒருவர் கேட்டீர்கள். சாமி படத்துக்கு இல்லை. அடுத்த ஹீட் வண்டி வரும்போது, பானெட்டைத் தூக்குவதற்கு முன்னால் அதில் ஒன்றைக் கொளுத்தி வண்டியின் முன்னால் பிடியுங்கள். பிடித்துக்கொண்டே, வண்டிக்காரர் என்ன சொல்கிறார் என்று கடைசி வரைக்கும் கேளுங்கள்.